மறு: படகில் தூண்டில்கோல் செருகும் குழலுக்குத் தமிழ்ச் சொல்

அனைவருக்கும் வணக்கம்.

படகின் விளிம்பில் தூண்டில்கோலைச் செருகி நிறுத்தும் குழலுக்கு (ஆங்கிலத்தில் rod holder) ‘தூண்டில் தாங்கி’ என்ற சொல்லை முன்வைத்துப் பேச்சைத் தொடங்கிய நண்பருக்கு நன்றி. ஆனால் அதை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தச் சொல்லில் இருக்கும் இரண்டு பகுதிகளுமே இடறுகின்றன.

முதலில் தூண்டில். வடசென்னையின் காசிமேட்டிலோ எண்ணூர்க் குப்பங்களிலோ தூண்டில் என்றால் நரம்பும் (நைலான் இழை) முள்ளும் (கொக்கி) ஈயமும்தான் (இழையை அமிழ்த்தும் எடை). கோல் இருந்தாக வேண்டும் என்பதில்லை. தாழங்குப்பத்தில் நரம்பை ஆட்காட்டி விரலில் கிடத்தி, மீன் இரையைத் தொடுவதை விரலாலேயே அறிந்து இழுப்பவர்களை இன்றும் பார்க்கலாம். அவர்களிடம் ‘தூண்டில் தாங்கி’ என்றால் எதைத் தாங்குவது என்று கேட்பார்கள். நாம் பெயர் தேடுவது கோலை நிறுத்தும் பொருளுக்கு. எனவே கோல் என்பது பெயரிலேயே இருக்க வேண்டும்.

அடுத்தது தாங்கி. இங்கேதான் நான் சொந்தமாகப் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

என் அண்ணனிடம் ஒரு சிறிய பைபர் படகு இருக்கிறது. அதன் விளிம்பில் இந்தக் குழலைப் பொருத்திக் கொடுத்தவர் நான்கு திருகாணிகளை மேலிருந்து முறுக்கி, வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டார். கையால் அழுத்திப் பார்த்தோம், கல் போல இருந்தது. எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளியே இரைபோலத் தோன்றும் ரப்பர் மீனை நரம்பில் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு மெதுவாகப் போனோம். பாரை மீன் ஒன்று இரையை அடித்தது. கோல் வளைந்தது, ஒரு சடசடப்பு. அடுத்த நொடி கோல், நரம்பைச் சுற்றும் ரீல், குழல் எல்லாம் சேர்ந்து தண்ணீருக்குள் போய்விட்டன. விளிம்பில் நான்கு ஓட்டைகள் மட்டும் மிச்சம். விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே இருந்த ஒட்டுப்பலகை ஊறிப்போய், நனைந்த அவல் போல விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

நாங்கள் எடையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். கோலின் எடை ஒரு பொருட்டே அல்ல. ஆறடிக் கோலில் முக்கால் அடிதான் குழலுக்குள் இருக்கிறது. நுனியில் மீன் இழுக்கும் இழுப்பு, அடியில் பல மடங்காகி, கடப்பாரை போலக் குழலை நெம்புகிறது. சுமைதாங்கிக் கல் மேலிருந்து வரும் பாரத்தைச் சுமக்கிறது. இந்தக் குழல் சுமப்பதில்லை, செருகியதை இறுகப் பற்றிக்கொண்டு நெம்பலுக்கு ஈடுகொடுக்கிறது. எடை சுமக்காத இடிதாங்கிக்கும் தாங்கி என்ற பெயர் இல்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்விதான். ஆனால் அதே படகின் எஞ்சினில் பேரிங் இருக்கிறது, அதற்கும் தாங்கி என்றுதான் எழுதுகிறோம். ஒரே படகில் இரண்டு தாங்கிகள் எதற்கு?

‘செருகி’ என்ற பரிந்துரையையும் பார்த்தேன். செருகு என்ற வினை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இரண்டாம் முறை குழல் பொருத்தித் தந்த காசிமேட்டு பைபர் வேலைக்காரர்கூட ‘கோல் சொருகும் பைப்’ என்றுதான் சொன்னார். ஆனால் செருகி என்றால் செருகப்படும் பொருள் என்றே கொள்ளுவோம். மின்சார பிளக்குக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. நமக்கு வேண்டியது வாங்கிக்கொள்ளும் பக்கம். ‘செருகுகுழல்’ என்று வினைத்தொகையாக்கிப் பார்த்தேன். இலக்கணம் சரி, ஆனால் இரண்டு ‘கு’ அடுத்தடுத்து வந்து நாக்கைத் தடுக்கின்றன. ஓடும் படகில் உரக்கக் கூப்பிட்டுச் சொல்ல முடியாத சொல் படகுக்கு ஆகாது.

ஆகவே என் பரிந்துரை: கோற்குழல். பாற்குடம் பால்குடமாகப் புழங்குவது போல, பேச்சில் இது ‘கோல்குழல்’ ஆனாலும் குறையில்லை. துப்பாக்கிக்குக் குழல் உண்டு, ஊதுவதற்குக் குழல் உண்டு, எனவே உள்ளே வெற்றிடம் உள்ள நீண்ட உருளை என்ற பொருள் யாருக்கும் விளங்கும். அண்ணனிடம் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாவது வாரத்தில் அவர் ‘அந்தக் குழலில் செருகு’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். சுருக்கினாலும் பொருள் கெடவில்லை.

வகைகளுக்கும் இது இடம் தருகிறது. விளிம்பில் வட்டமாக அறுத்து உள்ளே இறக்குவதைப் ‘புதைகுழல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். புதைகுழி காதில் விழுகிறது. கடலுக்குப் போகிறவர் படகில் அந்த ஒலி கூடாது. மோதிரத்தில் கல் பதிப்பது போலப் பதிப்பதால் ‘பதிகுழல்’ எனலாம். படகின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இறுக்குவது ‘கவ்வுகுழல்’. பக்கச் சுவரில் மாட்டுவது பக்கக்குழல், அவ்வளவுதான்.

மீன் பிடிக்காத நேரத்தில் கோல்களை வரிசையாக நிமிர்த்தி வைக்கும் அடுக்கு வேறு பொருள். அதற்குக் ‘கோற்றூணி’ என்று எழுத ஆசை. அம்பறாத்தூணியில் அம்புகள் நிற்பது போலவே அதில் கோல்கள் நிற்கின்றன. புணர்ச்சி கண்ணை உறுத்தினால் ‘கோல் தூணி’ என்று பிரித்தே எழுதுவோம். நெடுங்காலம் புழக்கமில்லாமல் கிடக்கும் அருமையான சொல் அது, அதற்கு ஒரு வேலை கிடைக்கட்டும்.

பெரிய கோல்களின் அடியில் சிலுவை போல வெட்டு இருக்கும். குழலுக்குள் குறுக்கே ஓடும் ஆணியில் அந்த வெட்டு உட்கார்ந்தால் கோல் சுழலாது. அதற்குக் ‘குறுக்காணி’ போதும்.

படகு வைத்திருப்பவர்கள் இங்கே சிலர் இருப்பதால் பொருத்தும் முறையையும் சொல்லிவிடுகிறேன். துளையிடும் முன் விளிம்பின் அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், எரிபொருள் குழாயோ மின்கம்பியோ ஓடலாம். பதிகுழல்கள் நேராகவும், 15 பாகை, 30 பாகை சாய்வாகவும் கிடைக்கின்றன. கோலைச் செருகி, ரீலின் கைப்பிடி தடையின்றிச் சுற்றுகிறதா, பக்கத்துக் கோலில் இடிக்கிறதா என்று பார்த்த பிறகே குறியிடுங்கள். அறுத்த விளிம்பில் பலகை தெரிந்தால் எபாக்சிப் பிசின் பூசி மூடாமல் விடக் கூடாது, தண்ணீர் நுழைவது அந்த வழியாகத்தான். திருகாணியை நம்ப வேண்டாம். முழுதும் துளைத்துச் செல்லும் போல்ட், அடியில் அகலமான தகடு, அதன் பிறகு நட். துருப்பிடிக்காத எஃகில் வாங்கினால் 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் 304 ரகத்தைவிட உப்புநீருக்கு நன்றாக ஈடுகொடுக்கும். எங்கள் புதிய குழல்கள் இப்படித்தான் நிற்கின்றன. முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்தால் படகு சாய்கிறது, குழல் அசையவில்லை.

அந்தத் தகட்டுக்கு முதலில் ‘அடித்தகடு’ என்று குறித்து வைத்திருந்தேன். பக்கக்குழலில் அது அடியில் வருவதில்லை, சுவருக்குப் பின்னால் வருகிறது. அதனால் ‘பின்தகடு’ என்று மாற்றியிருக்கிறேன். இதைவிட நல்ல சொல், குறிப்பாகப் படகு கட்டுபவர்கள் வாயில் புழங்கும் சொல், யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். இந்தச் சொற்பட்டியலில் அந்த ஓர் இடத்தை மட்டும் முடிவு செய்யாமல் விட்டுவைக்கிறேன்.