மறு: சென்டினல் எலி: காவலா, ஒற்றா?

வணக்கம்.

ஆய்வக எலிகளின் உடல்நலக் கையேட்டுக்கான சொற்பட்டியலில், எலிக்கூட்டத்தில் கிருமி இருக்கிறதா என்று அறிய வைக்கும் ‘சென்டினல்’ எலிக்கு நான் போட்ட ‘ஒற்றெலி’க்கு இத்தனை அடி விழும் என்று நினைக்கவில்லை. ஒவ்வொன்றாக வருகிறேன்.

> சென்டினல் என்றால் காவலாள். ‘காவல் எலி’ என்றாலே எல்லாருக்கும் புரியுமே? நடுவில் ஒற்றன் எங்கிருந்து வந்தான்?

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். காவலாள் திருடனைத் தடுப்பான். முடியாவிட்டால் கூச்சலாவது போடுவான். இந்த எலி இரண்டையும் செய்வதில்லை. கூண்டு மாற்றும்போது மற்றக் கூண்டுகளில் கிடந்த அழுக்குப் படுக்கையை, அதாவது சிறுநீரும் புழுக்கையும் கலந்த மரச்சீவலை, கொஞ்சம் அள்ளி இதன் கூண்டில் போடுகிறார்கள். இது அதில் புரளும், கொறிக்கும், அங்கே கிருமி இருந்தால் வாங்கிக்கொள்ளும். சுமார் 3 மாதம் போனபின் இதன் ரத்தத்தில் எதிர்ப்பொருள், அதாவது கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் பொருள், இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒட்டுண்ணிக்காகப் புழுக்கையையும் மயிரையும் பார்ப்பார்கள். சுண்டெலிக் கல்லீரல் அழற்சி வைரஸ் வளர்ந்த எலியிடம் பெரும்பாலும் எதையும் வெளியே காட்டாது. எலி துள்ளிக்கொண்டிருக்கும், ரத்தம்தான் காட்டிக்கொடுக்கும்.

கூட்டத்திலுள்ள எலிகளையே சோதித்தால் என்ன என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அவை சோதனையில் இருப்பவை, ரத்தம் எடுப்பதே முடிவைக் கெடுக்கலாம். மேலும் சில வகைகள் நோய் எதிர்ப்பாற்றலே இல்லாமல் வளர்க்கப்பட்டவை. அவற்றிடம் எதிர்ப்பொருளைத் தேடினால் கிடைக்காது. அதனால்தான் நல்ல எதிர்ப்பாற்றல் உள்ள, கிருமியற்ற இளம் எலி ஒன்றை இந்த வேலைக்கு வைக்கிறார்கள். பிறர் வீட்டுச் சங்கதியை ஓசைப்படாமல் திரட்டிக்கொண்டு வருவது ஒற்றன் வேலைதானே?

நான் ‘வேவு’ என்று போகாமல் ‘ஒற்று’ என்றதற்கு இன்னொரு காரணம் உண்டு. காயத்தைப் பஞ்சால் ஒற்றி எடுக்கிறோம், சிந்திய மையைத் தாளால் ஒற்றுகிறோம். இந்த எலியும் படுக்கையிலிருப்பதை ஒற்றித்தான் எடுக்கிறது. வேவும் ஒற்றலும் ஒரே சொல்லில் அமைவது வேறு எந்த மொழியில் கிடைக்குமோ தெரியாது, நமக்குக் கிடைத்திருக்கிறது, விடுவானேன்.

இதில் இன்னும் ஒரு லாபம். இப்போது பல இடங்களில் எலியே இல்லாமல் இந்த வேலை நடக்கிறது. கூண்டுகளிலிருந்து வெளியேறும் காற்றின் தூசியைத் துடைத்தெடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்கிறார்கள், அல்லது வெறுங்கூண்டில் அழுக்குப் படுக்கையோடு ஒரு வடிதாளைப் போட்டுக் குலுக்கி, அந்தத் தாளைச் சோதிக்கிறார்கள். ‘காவல்’ என்று வைத்தால் இந்தத் தாளை என்னவென்று சொல்வீர்கள், காவல்தாளா? ‘ஒற்றுத்தாள்’ என்றால் கேட்டவுடன் பொருந்துகிறது. எலி தவறவிடுவதும் உண்டு. மூச்சுநோய் தரும் சென்டாய் வைரஸ் படுக்கை வழியாகச் சரியாகத் தொற்றுவதில்லை, காற்றும் நேரடித் தொடர்பும் வேண்டும். மயிரில் ஒட்டி வாழும் செள்ளும் படுக்கையை நம்பி வைத்த எலிக்கு வராமலே போகலாம். ஒற்றன் தவறவிடுவதைத் தூசி பிடிப்பதுண்டு.

குறளில் ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார்க்கச் சொல்வதும் அதில் உண்டு. ஒரே ஒரு ரத்த முடிவை நம்பி அறை முழுவதையும் ஒழித்துவிடாதீர்கள், வேறு முறையில் உறுதி செய்யுங்கள் என்று கையேட்டில் வரும் பத்தியை மொழிபெயர்க்கும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

> ‘ஒற்றெலி’யை வேகமாகச் சொன்னால் ‘ஒற்றை எலி’ என்றுதான் காதில் விழும். தனிக்கூண்டில் தனியாக வைக்கும் எலி எங்களுக்கு வேறு கணக்கு. பராமரிப்பாளர் குழம்புவார்.

டாக்டர், இதற்கு என்னிடம் பதில் இல்லை. மேசையில் உட்கார்ந்து சொல் செய்கிறவனுக்கு இது தோன்றாது. ‘ஒற்று விலங்கு’ என்று மாற்றிவிடுகிறேன். குறிப்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஒற்றுச்சுண்டெலி’. நமக்கோ எல்லாமே எலி. கையேட்டிலாவது சுண்டெலியும் எலியும் பிரிந்திருக்கட்டும். (ஒற்றனுக்கு விலங்கு மாட்டிவிட்டார்கள் என்று யாராவது கேலி செய்வார்கள். செய்யட்டும்.)

மற்றச் சொற்களில், எலியின் முகத்தைப் பார்த்து வலியை மதிப்பிடும் ‘முகச்சுளிப்பு அளவுகோல்’ பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். உடல் நிலைக்கு 1 முதல் 5 வரை போடும் மதிப்பெண்ணை ‘உடல்வாகு மதிப்பெண்’ என்றது சரியில்லை. வாகு பிறவியிலேயே வருவது. இங்கே முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் விரலால் தடவி மேலே எவ்வளவு சதை மிச்சம் என்று பார்க்கிறார்கள். வயிற்றில் கட்டி வளர்ந்தால் எடை கூடும், சதை கரைந்துகொண்டிருக்கும். ஆகவே ‘சதைப்பற்று மதிப்பெண்’.

‘ரத்தக்கண்ணீர்’ வேண்டவே வேண்டாம். எலியின் கண்ணோரமும் மூக்கோரமும் சிவப்பாகக் கசிவது ரத்தம் அல்ல. கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பி விடும் போர்ஃபிரின் என்ற நிறமி. நோயிலும் மன அழுத்தத்திலும் அது கூடும். ‘செங்கசிவு’ என்று எழுதினால் போதும், படிப்பவர் பதற மாட்டார்.

அப்புறம், அறிவிப்புப் படிவத்தில் ‘நோய்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுக் ‘கண்டது’ என்று போடலாம். பராமரிப்பாளர் எழுத வேண்டியது கூண்டு எண், முதலில் பார்த்த நாள், நேரம், பார்த்தது: மயிர் சிலிர்த்து நிற்கிறது, கூனி உட்கார்ந்திருக்கிறது, வைத்த தீனி அப்படியே இருக்கிறது. நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவர் பாடு. நோய்ப்பெயர் கேட்கும் கட்டத்தைப் பார்த்தால் பெயர் தெரியாதவர் ஒன்றுமே எழுதாமல் போய்விடுவார். சுண்டெலி வேறு வலியை மறைக்கும் பிராணி. பகலில் நாம் பார்க்கும் நேரத்தில் அது தூங்கிக்கொண்டும் இருக்கும்.

மிச்சம் இருப்பது ஹியூமேன் எண்ட்பாயிண்ட், அதாவது விலங்கு இதற்கு மேல் துன்பப்படக் கூடாது என்று முன்கூட்டியே குறித்துவைக்கும் கட்டம். ‘கருணைக்கொலை எல்லை’ என்றது பொருந்தாது. அந்தக் கட்டம் வந்தால் கொல்லத்தான் வேண்டும் என்றில்லை. வலி மருந்து கொடுக்கலாம், சோதனையிலிருந்து விடுவிக்கலாம். ‘வதை நிறுத்தக் கட்டம்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், எனக்கே முழுத் திருப்தி இல்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் நல்லதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.