ரேடியோ பிரசங்கியாரின் பங்களா: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

குடமுருட்டிக்கரை:
பெயர் வேண்டாம், யாரென்று எல்லோருக்கும் தெரியும். இரவு ஒன்பது மணிக்கு இலங்கை வானொலியில் அந்தக் குரல் வந்தால் எங்கள் தெருவில் பாத்திரம் துலக்கும் சத்தம்கூட நின்றுவிடும். குறுவை நெல் காசானதும் அம்மா முதலில் அவருக்குத்தான் மணியார்டர் அனுப்புவார். பிறகுதான் உரக்கடை பாக்கி.

நான் வயரிங் வேலைக்குப் போன புதிதில் அதே பங்களாவில் ஜெனரேட்டர் இணைக்கக் கூப்பிட்டார்கள். பளிங்குத் தரை, தொங்கும் சரவிளக்கு, ஊஞ்சலுக்கு வெள்ளிப் பூண், இதெல்லாம் நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு மறக்காதது ஜெனரேட்டர் அறை. மூலையில் இரண்டு சாக்கு. ஆயில் அளவு பார்க்கும் குச்சியைத் துடைக்கத் துணி கேட்டேன். டிரைவர் சாக்கில் கைவிட்டு ஒரு பிடி காகிதம் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் மணியார்டர் கூப்பன். மேலே இருந்ததில் பென்சில் எழுத்து: ‘மகளுக்கு வரன் அமைய ஜெபிக்கவும்.’ அம்மாவின் கையெழுத்தும் உள்ளே இருக்குமோ என்ற பயத்தில், மற்றவற்றைப் பார்க்காமல் குச்சியைத் துடைத்தேன்.

வேதை உப்புக்காற்று:
முதலில் ஒரு திருத்தம். நம் பக்கத்தில் கடலுக்கு அப்பாலிருந்து எது வந்தாலும் ‘இலங்கை வானொலி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். கிறிஸ்தவ நிகழ்ச்சிகளுக்கென்றே இலங்கையின் புத்தளத்தில் தனி ஒலிபரப்பி இருந்தது. மத்திய அலை 882 கிலோஹெர்ட்ஸ், சக்தி 400 கிலோவாட். உப்புநீருக்கு மேல் மத்திய அலை அதிகம் தேயாமல் வரும். அதனால்தான் வேதாரண்யத்தில் திருச்சி நிலையம் கரகரத்த நேரத்திலும் அந்தப் பக்கத்துக் குரல் பக்கத்து வீட்டுப் பேச்சுபோலக் கேட்டது. திருச்சியில் பிரசங்கத்துக்கு நேரம் விலைக்குக் கிடைக்காது, அங்கே கிடைக்கும். கால் மணி நேரம் பேசவும் பணம் கட்ட வேண்டும். ஆகவே மணியார்டர் எல்லாம் ஊஞ்சல் பூணுக்கே போனது என்று எழுதுவது நியாயமில்லை.

என் அனுபவம் சின்னது. ஐப்பசி அடைமழையில் அவருடைய வெளிநாட்டுக் கார் எங்கள் வாய்க்கால் பாலத்தருகே சேற்றில் இறங்கிவிட்டது. எட்டுப் பேர் தள்ளினோம். அவர் இறங்கவில்லை, காலில் வெள்ளை ஷூ. கார் ஏறியதும் கண்ணாடி நாலு விரல் அளவு இறங்கியது. மோதிரக் கை ஒன்று, ஆளுக்குப் பத்து ரூபாய். உடம்பு முழுக்கச் சேறோடு வாங்கிக்கொண்டேன்.

கொத்தனார் மகன்:
அந்த பங்களாவின் மாடிச்சுவரில் விரிசலுக்குப் பூச்சு வேலை செய்தவர் என் அப்பா. மூன்று முறை பூசினார், மூன்று கோடையிலும் அதே இடத்தில் வாய் பிளந்தது. அவ்வளவுதான் என் கதை. ஆனால் டெல்டாவில் வீடு கட்டப்போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வயலில் கோடை வெடிப்பு பார்த்ததில்லையா? அதுதான் அஸ்திவாரத்துக்கு அடியிலும் நடக்கும். மூன்றடி தோண்டிக் கருங்கல் போட்டு அதன்மேல் பளிங்கை ஏற்றினால் இப்படித்தான். பத்துப் பன்னிரண்டு அடிக்குத் துளை போட்டு, அடியில் குடம்போல் விரியும் கான்கிரீட் தூண், அதாவது பைல், இறக்குங்கள். அந்த ஆழத்தில் ஈரம் அதிகம் மாறாது. பைல்களின் தலையைக் கட்டும் பீம் மண்ணைத் தொடக்கூடாது, நடுவில் இடைவெளி விடச் சொல்லுங்கள். சுவரோரம் மரம் வைக்காதீர்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் சுற்றிலும் சிமெண்டுத் தளம் போடுங்கள். மணலில் வீடு கட்டிய புத்தியில்லாதவன் பற்றிய பைபிள் கதையைப் பிரசங்கியார் மாதம் ஒரு முறையாவது சொல்வார். தரங்கம்பாடியில் கடலோரத்தில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1718-இல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் நிற்கிறது, போய்ப் பாருங்கள்.

டெட்ராய்ட் தஞ்சாவூரான்:
நான் பிரசங்கியாரைப் பார்த்ததில்லை, என் பாட்டி பார்த்திருக்கிறார். ஆனால் வேலைக்காக வந்திருக்கும் இந்த ஊரில் அவருக்கு அண்ணன் மாதிரி ஒருவர் வாழ்ந்திருக்கிறார். ‘ப்ராஃபெட் ஜோன்ஸ்’ என்று பெயர், கறுப்பினப் போதகர், ரேடியோவில் பேசியே புகழ்பெற்றவர். குடியிருந்தது 54 அறை கொண்ட மாளிகை. 1953-இல் சிகாகோவிலிருந்து இரண்டு பள்ளி ஆசிரியைகள், அக்காள் தங்கை, தாயின் நோயை அவருடைய ஜெபம் தீர்த்தது என்று நம்பி மிங்க் என்ற பிராணியின் வெள்ளை ரோமத்தில் ஒரு கோட்டு வாங்கிக் கொடுத்தார்கள். விலை பன்னிரண்டாயிரம் டாலருக்கும் மேல். இரண்டு வாத்தியார் சம்பளத்தில்! ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெரு வழியாகக் காரை மெதுவாக ஓட்டிப் போனேன். என் பாட்டி கழற்றிக் கொடுத்த கல் தோடுதான் நினைவுக்கு வந்தது. அதை ஏன் கொடுத்தாய் என்று வீட்டில் சண்டை நடந்தபோது, ‘அவர் நன்றாக இருந்தால்தானே நாம் நன்றாக இருப்போம்’ என்றார் பாட்டி. அவரை யாரும் ஏமாற்றியதாக எனக்கு இன்றுவரை சொல்ல வரவில்லை.

வேதை உப்புக்காற்று:
பாட்டி விரும்பிக் கொடுத்தார், சரி. வாங்கியவர் அந்தத் தோட்டை என்ன செய்தார் என்று கேட்கக்கூடாதா?

கொத்தனார் மகன்:
மணியார்டர் பணத்துக்காக அவர் பக்கம் வாதாடியவர் நீங்கள்தானே, ஐயா? என் அப்பாவுக்கு மூன்றாவது பூச்சுக்கான கூலி இன்னும் வரவில்லை. ‘ஊழியமாக நினைத்துக்கொள்ளுங்கள்’ என்றார்களாம்.

குடமுருட்டிக்கரை:
அம்மாவிடம் சொன்னாயா என்று தனியாகச் சிலர் கேட்டிருக்கிறீர்கள். சொல்லவில்லை. எனக்குக் கூலி அன்றே கொடுத்துவிட்டார்கள், அதில் அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துப் போனேன். அன்று இரவு ரேடியோ ஒரே இரைச்சல். ‘கம்பி திரும்பிவிட்டது போலிருக்கிறது, பாரடா’ என்றார் அம்மா. ஓட்டின்மேல் ஏறி ஏரியலைக் கிழக்கு மேற்காக இழுத்துக் கட்டினேன். ‘இப்போது கேட்கிறது, அப்படியே விடு’ என்று கீழேயிருந்து குரல் வந்தது. நிகழ்ச்சி முடியும்வரை நான் இறங்கவில்லை.