மரபு வில்லுக்கு மாற விரும்புகிறேன்: எடை, மர அம்பு, வேட்டை பற்றிச் சில ஐயங்கள்

உட்லண்ட்ஸ்வாசி:

அனைவருக்கும் வணக்கம். கடந்த 8 மாதங்களாக வார இறுதிகளில் ஓர் உள்ளரங்கத்தில் வில் பழகி வருகிறேன். அங்கே தருவது 24 பவுண்டு இழுவிசை கொண்ட, முனைகள் வெளிப்புறம் வளைந்த ரீகர்வ் வில். குறிநோக்கி, நிலைப்படுத்தும் தண்டு எல்லாம் பொருத்தப்பட்டது. 18 மீட்டர் தொலைவில், 40 சென்டிமீட்டர் இலக்குத் தாளில், பெரும்பாலான அம்புகள் இப்போது நடுவையொட்டிய சிவப்பு வளையத்துக்குள் விழுகின்றன. ஆயினும் வல்வில் ஓரியைப் பற்றிப் பள்ளியில் படித்த நாளிலிருந்து என் மனத்தில் இருந்த வில் இதுவன்று. ஒரு மரத்துண்டு, ஒரு நாண், ஓர் அம்பு, கண் காட்டும் இடத்துக்குக் கை செல்வது என்ற அந்த எளிமையைத்தான் நான் தேடுகிறேன்.

உடன் பணிபுரியும் ஒருவர் தம்முடைய 50 பவுண்டு நீள்வில்லைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். நாணை நான் முழுதாக இழுக்கும் நீளம், அதாவது என் இழுப்பு நீளம், 26 அங்குலம். அதை வாங்கலாமா? நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் மர வில்லும் மர அம்பும் தாங்குமா? இன்னொன்றையும் தயக்கத்துடன் கேட்கிறேன். வில் வேட்டைக் காணொளிகளைப் பார்த்ததிலிருந்து அதில் ஆர்வம் பிறந்திருக்கிறது. புக்கிட் பாஞ்சாங் பக்கம் காட்டுப்பன்றிகள் நடமாடியதாகச் செய்தி வந்ததே, அவற்றை முறையான அனுமதி பெற்று வேட்டையாட இங்கு வழி உண்டா?

தெம்பனிஸ் அக்கா:

தம்பி, 50 பவுண்டு வில்லை வாங்க வேண்டாம். இலவசமாகத் தந்தாலும் இப்போது வேண்டாம்.

வில்லில் எழுதியிருக்கும் எடை என்பது நாணை இழுக்க வேண்டிய விசை; பொதுவாக 28 அங்குல இழுப்பில் அளந்தது. ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 2 முதல் 3 பவுண்டு வரை குறையும். ஆகவே உங்கள் 26 அங்குல இழுப்பில் அந்த வில் சுமார் 45 பவுண்டாக இருக்கும். அப்படிப் பார்த்தாலும் இப்போது நீங்கள் இழுப்பதைப் போல அது இரு மடங்கு. ஒரு முறை இழுத்துவிடலாம். முப்பதாவது அம்பை எப்படி இழுக்கிறோம் என்பதே கேள்வி.

நான் இதை அனுபவித்துக் கற்றவள். பழகத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், ஆசை மிகுந்து 40 பவுண்டுக்குத் தாவினேன். முதலில் வந்தது தோள்வலி. அது மூன்று மாத ஓய்வில் ஆறிவிட்டது. அதைவிட மோசமானது பிறகு வந்தது. நாண் வாயோரத்தைத் தொடும் முன்பே, இலக்கு கண்ணில் பட்ட நொடியில், விரல்கள் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டன. பாரத்தைத் தாங்க முடியாத உடல், அம்பை எப்படியாவது விட்டுவிட்டால் போதும் என்று பழகிக்கொள்கிறது. அந்தப் பழக்கத்தைத் துடைப்பதற்கு எனக்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இலக்குத் தாளையே எடுத்துவிட்டு, வெறும் திண்டுக்கு மூன்று மீட்டர் முன்னால் நின்று, கண்ணை மூடி, நாண் வாயோரத்தில் வந்து தங்கி, முதுகுத் தசை இறுகுவதை உணர்ந்த பிறகே விடுவது என்று நாள்தோறும் நூறு அம்புகள் எய்தேன்.

நீங்கள் 28 அல்லது 30 பவுண்டில் தொடங்குங்கள். மேற்கரத்தையும் கீழ்க்கரத்தையும் கைப்பிடியிலிருந்து கழற்றக்கூடிய வில்லாக வாங்கினால், உடல் வலுப்பெறும்போது கரங்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கடையில் அந்தக் கரங்களை லிம்ப் என்பார்கள். முழு இழுப்பில் பத்து விநாடி நடுங்காமல் நின்று, அம்பை விடாமல் மெதுவாகத் திரும்பி வர முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த வில் உங்களுக்கு இன்னும் கனமானது. அம்பு தொடுக்காமல் வெறும் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லின் கரங்களுக்கே திரும்பி, அவை பிளந்துவிடக்கூடும்.

வீட்டின் கீழ்த்தளத்திலும் பூங்காவிலும் எய்ய நினைக்காதீர்கள். வீட்டில் இழுத்துப் பழக ரப்பர் பட்டை போதும்.

அம்புத்தச்சன்:

மர வில், மர அம்பு பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சமையலறை மேசையில் பல ஆண்டுகளாக அம்பு செய்பவன் நான்.

புழுக்கத்தைப் பொறுத்தவரை எல்லா வில்லும் ஒன்றல்ல. துருக்கிய, கொரிய மரபிலான கொம்பும் நரம்பும் சேர்த்த வில்கள் விலங்குப் பசையால் ஒட்டப்பட்டவை. அந்தப் பசை ஈரத்தில் இளகும். ஆகவே குளிர்சாதன அறையோ ஈரம் நீக்கும் பெட்டியோ இல்லாமல் அவற்றை இங்கே வைத்துக் காப்பது கடினம். ஒரே மரத்தில் செதுக்கிய வில்லும் ஈரத்தை உறிஞ்சி வலுவிழக்கும். எய்து முடித்தவுடன் நாணை இறக்கிவிட வேண்டும். மரத் தகடுகளுக்கு இருபுறமும் கண்ணாடி இழை ஒட்டிய வில்லே நம் ஊருக்கு ஏற்றது. அதற்கும் ஒரு பகை உண்டு, வெயிலில் நிறுத்திய கார். பின்னிருக்கையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது கரம் முறுக்கிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு வில்லை நானே இழந்திருக்கிறேன்.

அம்புக்கு வருவோம். மரபு வில்லில் அம்பு வில்லின் நடுக்கோட்டில் செல்வதில்லை. கைப்பிடியின் பக்கவாட்டில் சாய்ந்தே நிற்கிறது. நாணை விட்டதும் அம்பின் தண்டு மீன் வாலைப் போல நெளிந்து, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு, பிறகு நேராகிறது. தண்டு மிகக் கடினமாக இருந்தாலும் மிகக் குழைவாக இருந்தாலும் இந்த நெளிவு தவறி, அம்பு இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுங்கிவிடும். இந்தக் கடினத்தை ஸ்பைன் என்ற சொல்லால் குறிப்பிடுவார்கள். உங்கள் வில்லின் எடைக்கும் அம்பின் நீளத்துக்கும் பொருந்திய ஸ்பைனைக் கேட்டு வாங்குங்கள். புதியவர்கள் தங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்ளும் பல தவறுகள் உண்மையில் பொருந்தாத தண்டினால் வருபவை.

பிளாஸ்டிக் சிறகு வேண்டாம், இறகே வேண்டும். கைப்பிடியை உரசிக்கொண்டு போகும்போது இறகு மடிந்து கொடுக்கும். பிளாஸ்டிக் இடித்து அம்பைத் திருப்பிவிடும். மழையில் நனைந்து படுத்துப்போன இறகைக் கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் சில விநாடி காட்டிச் சுழற்றுங்கள். ஒவ்வொரு மயிரும் எழுந்து நிற்பதைக் கண்ணாலேயே காணலாம்.

முதல் ஆறு மாதம் கார்பன் தண்டில் இறகு ஒட்டிய அம்பு போதும். பிறகு மரத்துக்கு வாருங்கள். வந்த பின், ஒவ்வொரு முறை எய்யும் முன்னும் தண்டை மேசையில் உருட்டி வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். இரு கைகளாலும் இலேசாக வளைத்து, விரிசல் ஒலி வருகிறதா என்று காதருகே வைத்துக் கேளுங்கள். விரிசல் விட்ட தண்டு வில்லிலேயே உடைந்தால் நேராக உங்கள் இடக்கையில்தான் பாயும்.

மலைச்சாரல்:

வேட்டை பற்றி நான் சொல்கிறேன். சிங்கப்பூரில் வழியில்லை. அனுமதியின்றிக் காட்டு உயிரைக் கொல்வதும் பிடிப்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். காட்டுப்பன்றி ஊருக்குள் வந்தால் தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டுமே தவிர, பொழுதுபோக்காக எவரும் அம்பு தொடுக்க முடியாது. இந்தியாவிலும் இதே நிலைதான். பிரிட்டனில் துப்பாக்கி வேட்டை உண்டு, வில் வேட்டைக்குத் தடை.

நான் வேட்டையாடியது நியூசிலாந்தில். அங்கே வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இயற்கையாக இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டு முதல் கொண்டுவந்து விடப்பட்ட மான்கள் பெருகிக் காட்டை மேய்ந்து அழிப்பதால், அனுமதிச் சீட்டு பெற்றுப் பொது நிலத்தில் வில்லாலும் வேட்டையாடலாம்.

காணொளி காட்டாத ஒன்றைச் சொல்ல வேண்டும். மரபு வில்லின் அம்பு விநாடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் செல்லும். 18 மீட்டர் தொலைவிலுள்ள மானை அடைய அதற்கு மூன்றில் ஒரு விநாடிக்கு மேல் ஆகும். நாணின் ஒலியோ இருபதில் ஒரு பங்கு விநாடியில் மானின் காதை எட்டிவிடும். மான் திடுக்கிட்டுக் குனிந்தால், நுரையீரலுக்கு வைத்த குறி முதுகெலும்பில் படும், அல்லது வயிற்றில் படும். அம்பு தோட்டாவைப் போல அதிர்ச்சியால் வீழ்த்துவதன்று. சவரக் கத்தியளவு கூரிய முனை நுரையீரலை அறுத்து, குருதி வடிந்தே உயிர் போகும். வயிற்றில் பட்ட விலங்கு மணிக்கணக்காகத் துடிக்கும்.

ஐந்து நாள் நடந்த ஒரு பயணத்தில் நான் ஒரே ஒரு முறைதான் வில்லை இழுத்தேன். மான் 35 மீட்டரில் நின்றது. என் எல்லை 18. காற்று என் முகத்தை நோக்கி வீசியது, அது என்னைக் காணவில்லை, இரண்டு முறை தலை குனிந்து மேய்ந்தது. நாணை மெதுவாக இறக்கிவிட்டேன். அந்த முடிவில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது முப்பரிமாண இலக்கு வில்வித்தை. நுரைப்பொருளில் வார்த்த மான், பன்றி, கரடி உருவங்களைக் காட்டுப் பாதையில் நிறுத்தியிருப்பார்கள். தொலைவு சொல்லப்படாது; கண்ணால்தான் மதிப்பிட வேண்டும். உலகப் போட்டிகளில் நீள்வில்லுக்கும் மரபு வில்லுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு, அவற்றில் உச்சத் தொலைவு 30 மீட்டர். இதயமும் நுரையீரலும் அமைந்த இடமான உயிர்நிலைக்குள் இருக்கும் சிறு வட்டத்துக்கு 11 புள்ளி, அதைச் சூழ்ந்த வட்டத்துக்கு 10, உயிர்நிலையின் எஞ்சிய பகுதிக்கு 8, உடலின் பிற பகுதிக்கு 5. சரிவு, நிழல், கிளை மறைப்பு என வேட்டைக்காரனின் கண்ணுக்கு வேண்டிய பயிற்சி முழுவதும் அதில் உண்டு.

உட்லண்ட்ஸ்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நண்பரிடம் அந்த வில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்கா சொன்னபடி அரங்கத்து வில்லையே முழு இழுப்பில் பத்து விநாடி பிடித்துப் பார்த்தேன். ஏழாவது விநாடியில் இடத்தோள் நடுங்கத் தொடங்கியது. 24 பவுண்டுக்கே இந்த நிலை என்றால் 28 பவுண்டு கரங்களை இப்போதே வாங்கலாமா, பொறுக்க வேண்டுமா? வெளிநாட்டுக் கடையில் விலை குறைவாக இருக்கிறது.

தெம்பனிஸ் அக்கா:

பொறுங்கள், தம்பி. அரங்கத்து வில்லிலிருந்து குறிநோக்கியையும் நிலைப்படுத்தும் தண்டையும் கழற்றச் சொல்லி, அதே 24 பவுண்டில் ஐந்து மீட்டரில் பழகுங்கள். பதினைந்து விநாடி அசையாமல் நின்ற வாரத்தில் எனக்கு எழுதுங்கள், கரங்களைச் சேர்ந்து பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால், பணம் கட்டும் முன் காவல்துறையின் உரிமப் பிரிவில் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.