புதுப்பிப்பு: ஏ மைனர் மேஜர் செவன்த் தெளிவாக ஒலிக்க ஆரம்பித்துவிட்டது

கிட்டாரில் ஏ மைனர் மேஜர் செவன்த் கார்டை (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பு) பிடிக்கும்போது 3-ஆவது கம்பி சரியாக ஒலிக்காமல் அடைத்துப்போகிறது, என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். சுட்டுவிரலைப் படுக்கவைத்து 3, 2 இரு கம்பிகளையும் முதல் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உலோகக் கம்பிகளால் பிரிக்கப்பட்ட கட்டம்) அழுத்தி, நடுவிரலை 4-ஆவது கம்பியின் 2-ஆவது ஃப்ரெட்டில் வைக்கச் சொன்னீர்கள். அதுதான் கைகொடுத்தது. சுட்டுவிரல் முதல் கம்பியில் படாமல் பார்த்துக்கொள்வதில்தான் பாதி வேலை.

ஏ மைனர், ஏ மைனர் மேஜர் செவன்த், ஏ மைனர் செவன்த் என்று மூன்று கார்டுகளையும் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். 3-ஆவது கம்பியில் ஏ, ஜி ஷார்ப், ஜி என்று சுரம் மட்டும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறங்கும். என்ன அழகு!

கர்நாடக இசை பழகியவர்களுக்கு, ஏ-யைச் சட்ஜமாகக் கொண்டால், ஏ மைனர் மேஜர் செவன்த்தின் சுரங்கள் சட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், காகலி நிஷாதம். கீரவாணி ராகத்தில் சட்ஜத்தின் மேல் ஒரு சுரம் விட்டு ஒரு சுரமாக அடுக்கினால் இந்தக் கார்டுதான் வரும். காகலி நிஷாதத்தின் தவிப்பு அப்படியே கேட்கிறது. அடுத்து, 5-ஆவது ஃப்ரெட்டில் பார் பிடித்து (ஒரே விரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி) இதையே வாசிக்கப் போகிறேன்.