கைடு கோட்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய கார்களின் உடற்கூட்டை வீட்டிலேயே சீரமைத்து வண்ணம் பூசுவது பற்றி ஒரு கையேடு எழுதிவருகிறேன். பாதிச் சொற்கள் பட்டறையிலேயே கிடைத்துவிட்டன. தகட்டில் விழுந்தது ஒடுக்கு. அதை நிரவுவது பட்டி பார்த்தல். தேய்ப்பது உப்புத்தாள். பிரைமருக்கு அடிப்பூச்சு என்று எழுதுகிறேன். 'கைடு கோட்' என்ற இடத்தில்தான் நிற்கிறேன். தற்காலிகமாக 'வழிகாட்டிப் பூச்சு' என்று போட்டேன். படித்துப் பார்த்த நண்பர், "யாருக்கு வழி காட்டுகிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

தெரியாதவர்களுக்காக: அடிப்பூச்சு காய்ந்தபின், அதற்கு மாறான நிறத்தில் (சாம்பல் அடிப்பூச்சின் மேல் கறுப்பு) மெல்லிய தூவலாக அடித்து, பிறகு கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்ப்பார்கள். அந்தத் தூவலுக்குத்தான் பெயர் வேண்டும்.

*

'காட்டுப்பூச்சு' எனலாமே? ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. சுருக்கமாகவும் இருக்கிறது.

*

வினைத்தொகை என்றால் அங்கே வல்லினம் மிகாது. ஊறுக்காய் என்று யாரும் எழுதுவதில்லை. ஆகவே 'காட்டுபூச்சு' என்றுதான் வரவேண்டும். ஒற்றுப் போட்டால் அது காட்டில் இருக்கும் பூச்சு ஆகிவிடும். ஓர் எழுத்து மாறினால் காட்டுப்பூச்சி. அச்சுப்பிழையை வாசலில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு சொல்லை உலவவிடக் கூடாது.

எனக்கு 'பூச்சு' என்ற பகுதியே உறுத்துகிறது. பூச்சு என்றால் மேலே தங்க வேண்டும். அடிப்பூச்சு தங்குகிறது, நிறப்பூச்சு தங்குகிறது, மேலே அடிக்கும் பளபளப்புப் பூச்சும் தங்குகிறது. இது ஒன்றுதான் அழிப்பதற்காகவே அடிக்கப்படுவது. முழுவதும் போகும்வரை தேய்க்க வேண்டும். மிச்சம் வைத்து மேலே வண்ணம் அடித்தால், அதிலுள்ள கரைப்பான் அடியில் கிடக்கும் மலிவான கறுப்பைக் கிளப்பிச் சுருங்கவைக்கலாம். சிலர் வண்ணமே அடிப்பதில்லை, உலர்ந்த கரித்தூள் போன்ற ஒன்றைப் பஞ்சால் ஒற்றி எடுக்கிறார்கள். அது உப்புத்தாளை அடைக்காது. அதைப் பூச்சு என்று சொல்லவே முடியாது.

இது என்ன செய்கிறது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மோரிஸ் மைனர் ஒன்றின் கதவுக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். சமமாக இருந்தது போலத்தான் பட்டது. சாம்பல் நிற அடிப்பூச்சுக்குப் பளபளப்பு கிடையாது. எந்தக் குறையையும் அது காட்டிக்கொடுக்காது. மேலே கறுப்பு நிறப்பூச்சு அடித்துக் காய்ந்த மாலை, கதவில் தெரிந்த டியூப்லைட் பாம்பாக நெளிந்தது. கட்டை இல்லாமல் விரல் வைத்துத் தேய்த்த பலன்: நான்கு விரலுக்கு நான்கு வாய்க்கால். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்கினேன். இந்த முறை அடிப்பூச்சின் மேல் கறுப்பைத் தூவி, நீண்ட கட்டையால் குறுக்கு மறுக்காக, அழுத்தாமல் தேய்த்தேன். பத்துத் தேய்ப்பில் கைப்பிடிக்குக் கீழே பழைய ஒடுக்கு கறுப்புக் குளமாக நின்றது. கை சொன்ன பொய் அங்கே தெரிந்தது.

ஆக, தேய்த்தபின் கறுப்பு மிஞ்சும் இடம் பள்ளம். என் பரிந்துரை: பள்ளங்காட்டி. நாட்காட்டி, திசைகாட்டி, வேதியியலில் நிறங்காட்டி என்று ஏற்கெனவே பழகிய அச்சு.

*

பள்ளத்தை மட்டுமா காட்டுகிறது? மேட்டையும் காட்டுமே. 'மேடுபள்ளங்காட்டி' என்றால் முழுமையாக இருக்கும்.

*

நீளம் கிடக்கட்டும், பொருளே தவறிவிடும். மேட்டில் கறுப்பு முதலில் அழிவது உண்மை. ஆனால் சரியான மட்டத்திலும் அது அழியத்தான் போகிறது. அழிந்த இடத்தைப் பார்த்து மேடு எது, மட்டம் எது என்று பிரிக்க முடியாது. தொடர்ந்து தேய்த்து, அடிப்பூச்சும் போய்த் தகடு பளிச்சிடும்போதுதான் மேடு புலப்படும். அதைக் காட்டுவது தகடு, நம் கறுப்பு அல்ல. கறுப்பு சாட்சி சொல்வது பள்ளத்துக்கு மட்டுமே. பட்டியில் விழுந்த ஊசித்துளையும், முரட்டுத் தாளின் கீறலும் பள்ளத்தின் குட்டிகள்தாம்.

இன்னொன்று. பொறியியல் பட்டறையில் பரப்பின் மட்டம் பார்க்க, சமதளத் தட்டில் நீல மசியை (ஆங்கிலத்தில் 'எஞ்சினியர்ஸ் புளூ') தடவி அதன்மேல் பொருளை வைத்து நகர்த்துவார்கள். மசி எங்கே ஒட்டுகிறதோ அது மேடு, அதைச் சுரண்டுவார்கள். நம்முடையதற்கு நேர் எதிர். அந்த நீலத்துக்கு மேடுகாட்டி என்று பெயர் வைத்துவிட்டால் இரண்டும் சோடியாக நிற்கும். ஆங்கிலத்தில் இந்த இரண்டு பெயர்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தமிழில் ஒன்று தெரிந்தால் மற்றது தானே விளங்கும். இதை ஒரே சொல்லில் அடைத்துவிட எனக்கு மனமில்லை.

*

சோடி என்றதும் என் ஆட்சேபம் போய்விட்டது. ஒரு திருத்தம்: 'பள்ளங்காட்டி அடித்தல்' வேண்டாம், 'தூவுதல்' என்று வினையை நிலைப்படுத்துங்கள். அடி என்றால் ஆட்கள் பரப்பே தெரியாமல் மூடிவிடுகிறார்கள்.

*

ஏற்றுக்கொண்டேன். கையேட்டில் அந்தப் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"அடிப்பூச்சு நன்கு காய்ந்தபின், வழக்கத்தைவிடச் சற்றுத் தள்ளி நின்று பள்ளங்காட்டி தூவுக. அடியிலுள்ள நிறம் புள்ளிகளுக்கிடையே தெரிய வேண்டும். 320 எண் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றிக் குறுக்காகத் தேய்க்க. தூசி முகமூடி இல்லாமல் தொடங்க வேண்டாம். தகடு தெரியத் தொடங்கினால் அங்கே நிறுத்துக. பள்ளங்காட்டி இன்னும் மிஞ்சியிருந்தால் தேய்த்துப் பயனில்லை, அந்த இடத்துக்குப் பட்டி பார்த்து மீண்டும் அடிப்பூச்சு அடிக்க வேண்டும். பட்டி 3 மி.மீ.க்கு மேல் தேவைப்பட்டால் குறை பட்டியில் இல்லை, தகட்டில். சுத்தியலை எடுக்க."

அடுத்து 'ஆரஞ்சு பீல்' வருகிறது. வண்ணம் சரியாகப் பரவாமல் சொரசொரவென்று உறைந்துபோவது. தோலை உரிக்காமல் யாராவது யோசித்து வையுங்கள்.