ஸ்வெட்டர் அக்காவுக்கு அமெரிக்கச் சட்டத்தால் என்ன லாபம்?

வண்ணார்பேட்டைக்காரன்:
மார்கழி பிறந்தால் பாளையங்கோட்டையில் எங்கள் கடைக்கு எதிரே ஒரு திபெத்திய அக்கா ஸ்வெட்டர் விரிப்பார். திருநெல்வேலி வெயிலுக்கு ஸ்வெட்டரா என்று சிரிக்காதீர்கள். மாஞ்சோலைக்குப் போகிறவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் வாங்கத்தான் செய்கிறார்கள். தெருவில் எல்லாருக்கும் அவர் 'நேபாளக்காரி'. பிறந்தது கர்நாடகத்தில், பைலகுப்பே திபெத்திய அகதிகள் குடியிருப்பில். 2024 ஜூலையில் அமெரிக்காவில் திபெத்துக்காக வந்த சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அந்துருண்டையைப் போட்டு கம்பளியை மடித்தபடி, "பேசணும்னு சொல்றாங்க தம்பி. எதிர்ல வந்து உட்காரணுமே" என்றார். அந்தச் சட்டம் சீனாவை நிஜமாகவே அசைக்குமா?

கோர்ட்டுக்காரர்:
தம்பி, கட்டாயப்படுத்த அதில் ஒன்றும் கிடையாது. தலாய் லாமா தரப்போடு சீனா முன்நிபந்தனை இல்லாமல் பேச வேண்டும் என்பதை அமெரிக்கக் கொள்கையாக எழுதி வைத்திருக்கிறார்கள். கீழவையில் 391 பேர் ஆதரவு, 26 பேர் எதிர்ப்பு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. திபெத் என்றால் தலைநகர் லாசா இருக்கும் தன்னாட்சிப் பகுதி மட்டுமில்லை. சிங்காய், சிச்சுவான், கான்சு, யுன்னான் மாகாணங்களின் திபெத்தியப் பகுதிகளும் சேர்த்தி என்கிறது சட்டம். பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது மாதிரி. ஆனால் கையெழுத்துப் போட்ட கையோடு பைடன், 'திபெத் சீனாவின் பகுதி என்ற எங்கள் பழைய நிலையில் மாற்றமில்லை' என்றும் அறிக்கை விட்டார். சுருதி இறங்கியது அங்கேதான்.

களக்காட்டான்:
பேசாமலா இருந்தார்கள்? 2002 முதல் 2010 ஜனவரி வரை ஒன்பது சுற்று. 2008-இல் தலாய் லாமா தரப்பினர், தனிநாடே வேண்டாம், சீன அரசியல் சட்டத்துக்குள்ளேயே தன்னாட்சி போதும் என்று மனுவாகவே கொடுத்தார்கள். அதுவும் மறைமுகச் சுதந்திரம்தான் என்று சீனா தள்ளிவிட்டது. பாகமே கேட்காதவனுக்குத் திண்ணையும் கிடையாது என்ற கதை. அப்புறம், அமெரிக்காவை மட்டும் சொல்வானேன்? 2003-இல் தன்னாட்சிப் பகுதி சீனாவின் நிலப்பரப்பு என்று நம் அரசும் எழுதிக் கொடுத்தாயிற்று.

கோர்ட்டுக்காரர்:
சரிதான் வே. ஆனாலும் எழுத்தில் இருப்பது, நாளைக்கு யாராவது பேச உட்கார்ந்தால் எடுத்துக் காட்ட உதவும். வாய்ப்பேச்சை யார் மதிப்பார்?

வண்ணார்பேட்டைக்காரன்:
நன்றி அண்ணாச்சி. இன்று சாயங்காலம் அக்காவுக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். நான்கெல்லை விஷயத்துக்குத் தலையை ஆட்டினார். அவர் அப்பா ஊர் சிச்சுவான் பக்கமாம். 391-க்கு ஒன்றும் சொல்லவில்லை. "அந்த 26 பேர் யாரு தம்பி?" என்று மட்டும் கேட்டார். யாரிடமாவது பட்டியல் இருக்கிறதா?