ஆம்பலும் கொக்கும் ஒரே லென்ஸில்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கரையில் இருந்தபடியே ஆம்பல் பூவை நெருக்கமாக எடுக்க, 400 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் (இன்னும் அருகில் ஃபோகஸ் செய்ய, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வெற்று வளையம்) போடுகிறேன். 3 மீட்டரில் மகரந்தத் தாள்கள் அவ்வளவு அழகாகத் தெரிகின்றன! ஆனால் எஃப் 8 அபெர்ச்சரில் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிதாகும்) தெளிவாக விழுவது ஒன்றரை சென்டிமீட்டர்தான், முன்னிதழ்கள் மங்கிவிடும். எஃப் 16-க்குப் போனால் ஷட்டர் வேகம் குறைந்து, காற்றில் பூ ஆடுவதும் பதிவாகிறது. ஸ்டாக்கிங் (ஃபோகஸை மாற்றி மாற்றி எடுத்த பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பது) கைகொடுக்காததும் பூ ஆடுவதால்தான்.

பெரிய சிக்கல் வேறு. டியூப் இருந்தால் சுமார் 7 மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் கிடைக்காது. அதற்கு அப்பால் கொக்கு வந்திறங்கும்போது டியூபைக் கழற்ற நேரமில்லை, சென்சாரில் தூசி படியும் பயமும் உண்டு. 12 மி.மீ. டியூப் என்றால் எல்லை ஏறத்தாழ 14 மீட்டர். அதைப் போட்டு, சிறிதாக விழும் பூவைப் பிறகு கிராப் செய்துகொள்வது (படத்தில் வெட்டி எடுப்பது) சரியா, இரண்டாவது கேமராதான் வழியா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.